இறங்குவது மூன்றாவது அத்தியாயத்தில்

எங்கள் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பசை. இது அவருக்குத் தெரியும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஓய்வு பெறும் வயது அவரைத் தாண்டிப் போய் வெகுகாலம் ஆகிறது. அது வந்ததையும் அவர் கவனிக்கவில்லை, போனதையும் கவனிக்கவில்லை. ஒரு நீட்டிப்பு, அந்த நீட்டிப்புக்கு ஒரு நீட்டிப்பு என்று அதே நாற்காலியில் இருக்கிறார். நாற்காலி மெத்தையில் அவருடைய வடிவம் பள்ளமாகப் பதிந்துவிட்டது. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் வெளியே தெரியும்.

இவர்தான் பல்லி சுவரில் எப்படி ஒட்டுகிறது என்று ஆராய்ச்சி செய்தார். செய்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். செய்தது அக்கா.

அக்கா எனக்கு மட்டும் அக்கா இல்லை. அவர் பசையிடம் முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது கூடப் படித்தவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் அக்கா என்றார்கள். அவர்களும் போனார்கள். இப்போது நான் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. இந்த வேகத்தில் போனால் எனக்கு அடுத்த செட் அவரை அத்தை என்று கூப்பிடும் என்பது துறையின் கணிப்பு.

ஆய்வகம் என்பது நடைபாதைக் கோடியில் இருந்த பழைய சாமான் அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பல்லி. இன்னொரு பக்கம் ரப்பர் வார்க்கும் அச்சுகள், ஒரு சின்ன அடுப்பு, காற்றை உறிஞ்சும் பம்ப், கொக்கியும் மணல் மூட்டைகளும். ஜன்னல் சட்டத்துக்கு மேலே ஒரு பல்லி எப்போதோ செத்துப்போய், விழாமல் அப்படியே இருந்தது. ப்ராஜெக்டுக்குச் சேர்ந்த முதல் நாளே அதை அக்காவிடம் காட்டிக் கேட்டேன்.

"செத்தும் ஏன்க்கா விழல?"

"பிடிச்சிருக்கிறதுக்கு உயிர் வேணாம். பிடி காலோட அமைப்புலயே இருக்கு. செத்தாலும் பிடிக்கும்."

"நம்ம சார் நாற்காலியைப் பிடிச்சிருக்கிறதும் அப்படித்தானா?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலை எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பல்லியின் காலில் பசை கிடையாது. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் நம்புவதில்லை. பசை இல்லாமல் எதுவும் எங்கேயும் ஒட்டாது என்பது எங்கள் கல்லூரியில் அனுபவ உண்மை. உறிஞ்சிப் பிடிப்பதும் இல்லை. விரலுக்கு அடியில் வரிவரியாக மடிப்பு, மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள், ஒவ்வொரு மயிரின் நுனியும் நூறு நூறாகப் பிரிந்து தட்டையாக முடிகிறது. அந்த நுனிகள் சுவரை அவ்வளவு நெருக்கமாகத் தொடுவதால் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஈர்ப்பு. ஒன்று ஒன்றாகப் பார்த்தால் சீந்த ஆளில்லாத ஈர்ப்பு. கோடிக்கணக்கில் சேர்ந்தால் பல்லி கூரையில் தலைகீழாக நடக்கிறது.

"சும்மா வெச்சா ஒட்டாதுடா," என்றார் அக்கா. "வெச்சு, லேசா கீழ இழுக்கணும். இழுத்தாத்தான் மயிரெல்லாம் படியும். இழுக்க இழுக்கப் பிடி ஏறும்."

"அப்ப எப்படி விடுது?"

"அதுதான் கேள்வி. எல்லாரும் எப்படி ஒட்டுதுன்னே கேட்பாங்க. விடத் தெரியலன்னா அது முதல் அடியிலயே நின்னு பட்டினியில சாகும்." கண்ணாடியில் ஓடிய ஒரு பல்லியின் விரலைக் காட்டினார். "நுனியைப் பாரு. மேல சுருட்டுது. மயிரோட சாய்மானம் மாறிச்சுன்னா பிடி தானா போயிடும். பலமே வேணாம். கோணம் போதும்."

இந்த விடுதலைப் பற்றித்தான் அக்காவின் ஆய்வேட்டில் மூன்றாவது அத்தியாயம். மொத்த ஆய்வேடும் எழுதி முடித்து, அட்டை போட்டு, பசையின் மேசைமேல் வைத்தாகிவிட்டது. அதன் அட்டையில் டீ கோப்பையின் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. மரத்துக்கு வளையம் பார்த்து வயது சொல்வதுபோல, எத்தனை காலமாக அது அங்கே கிடக்கிறது என்று அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கைடு கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகும். கைடு என்ற சொல்லிலேயே கை இருக்கிறது, எழுத்துதான் வரவில்லை. அக்காவுக்கு வெளியூரில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆய்வேடு அனுப்பிய சான்று இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் சேரலாம். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

பசை ஏன் விடவில்லை என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அவருடைய கட்டுரைகளை எழுதுவது அக்கா. கருத்தரங்கில் அவர் பேசுவதற்கு ஸ்லைடு தயாரிப்பது அக்கா. வினாத்தாள் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, அவர் பேத்திக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்புவது அக்கா. அவருடைய மின்னஞ்சலின் கடவுச்சொல் அவருக்கே தெரியாது, அக்காவுக்குத்தான் தெரியும். அக்கா போய்விட்டால் அவர் தன் பெயரில் வந்த பாராட்டைக்கூடத் திறந்து படிக்க முடியாது.

ஒவ்வொரு வாரமும் அக்கா போய் நிற்பார். நானும் கதவருகே நிற்பேன், ஏதாவது கோப்பைத் தூக்கிக்கொண்டு.

"சார், அந்தக் கையெழுத்து..."

"பார்த்துட்டே இருக்கேம்மா. இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும்."

"எந்த அத்தியாயத்துல சார்?"

"பொதுவா."

அடுத்த வாரம் அகலம் வேண்டும் என்பார். அதற்கடுத்த வாரம் மறுபடி ஆழம். தொட்டி கட்டுகிறவர்கூட இவ்வளவு அளவு சொல்லமாட்டார். ஒருநாள் அக்கா பொறுக்கமுடியாமல், "வேலை போயிடும் சார்" என்று சொல்லிவிட்டார். பசையின் முகத்தில் கருணை வழிந்தது. "வேலை எங்கம்மா போகும்? இங்கயே நிறைய இருக்கே" என்று இன்னொரு கட்டுரையை எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வந்து அக்கா நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைக்கும் அளவுக்குக் கலங்க விடவும் இல்லை.

"நேரா இழுக்கிறீங்கக்கா," என்றேன். "இழுக்க இழுக்க ஏறும்னு நீங்கதானே சொன்னீங்க."

"தெரியுது. கோணம் எங்கன்னுதான் தெரியல."

அந்த நிலையில்தான் கல்லூரிக் கல்வி இயக்குநர் வருகிறார் என்று சுற்றறிக்கை வந்தது. இயக்குநர் மேடம்தான் நீட்டிப்புகளில் கையெழுத்துப் போடுபவர். அறிவியல்மேல் அவருக்கு நிறைய மரியாதை. அதனால்தான் பக்கத்தில் போகமாட்டார். இந்த முறை ஒரு புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவதாகத் தகவல். பசைக்கு அடுத்த நீட்டிப்பு அந்த மாதம்தான் முடிவாக வேண்டும்.

ஆய்வகம் கிடுகிடுத்தது. கருத்தரங்க அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு. அதில் அக்கா செய்த தட்டுகளை ஒட்டி மணல் மூட்டையைத் தொங்கவிடுவது என்று திட்டம். தட்டு என்றால் பள்ளிப் பிள்ளையின் சிலேட்டு அளவு அலுமினியம். ஒரு முகத்தில் பல்லிக் காலைப் போலவே சாய்ந்த மயிர்கள் கொண்ட ரப்பர். மறுமுகத்தில் மூட்டையின் கழுத்தைக் கட்ட ஒரு வார்ப்பட்டை. தொட்டுப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. கண்ணாடியில் வைத்துக் கீழே இழுத்தால் ஆளையே தாங்கும்.

பேனர் எழுதும் பொறுப்பைப் பசை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய ஒரே நேரடிப் பங்களிப்பு அதுதான். கொட்டை எழுத்தில் 'உடும்புப் பிடி: ஒரு புதிய கண்டுபிடிப்பு' என்று அடித்து வந்தது.

"சார், இது பல்லி," என்றார் அக்கா.

"பல்லின்னா ஒரு கம்பீரம் இல்லம்மா. பாத்ரூம்ல இருக்கிற ஜந்து. உடும்புன்னா ஜனங்க நிமிர்ந்து உட்காருவாங்க."

"உடும்பு நகத்தால கொத்திப் பிடிக்கும் சார். கண்ணாடியில வழுக்கி விழும். நாம செஞ்சது வேற. அதோட, பல்லி பிடிக்கிறதைவிட விடுறதுலதான் கெட்டி. உடும்பு விடாது."

"விடக்கூடாதும்மா," என்றார் பசை. வாழ்நாள் தத்துவத்தை அவ்வளவு சுருக்கமாக நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

சொன்ன நாளில் இயக்குநர் மேடம் வந்தார். பின்னால் மற்ற துறைகளின் பேராசிரியர்கள், பிஸ்கட்டைப் பார்த்தபடி. கைதட்டுவதற்கு எப்போதும் தயாராக ஒரு கையில் மட்டும் பிஸ்கட் எடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். பசை கோட்டுப் போட்டிருந்தார். அரை மணி நேரம் பேசினார். பேச்சில் 'நான்' வந்த இடங்களில் எல்லாம் அக்கா இருந்தார்.

மணல் மூட்டை தொங்கியது. மேடம் தலையாட்டினார். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கி, மூட்டையைப் பார்த்து, தாழ்த்திக்கொண்டார்.

"வெறும் மூட்டைதானே சார். ஒரு ஆளு தொங்கினா நல்லா வரும்," என்றார்.

பசையின் கண்ணில் ஒரு ஒளி. "தொங்கிட்டாப் போச்சு," என்று கோட்டுப் பொத்தானைக் கழற்றினார்.

அக்கா கிட்டே போனார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது. "சார், நீங்க வேணாம். ஏறினா எப்படி இறங்கணும்னு முதல்ல சொல்லிடறேன்."

"ஏறுறதைச் சொன்னாப் போதும்."

"இறங்குறதுலதான் சார்..."

"அம்மா, இறங்கிப் பழக்கம் இல்ல எனக்கு."

பெருமையாகச் சொன்னார். மூன்று பேர் சிரித்தார்கள், நீட்டிப்பு எதிர்பார்ப்பவர்கள்.

இரண்டு மணிக்கட்டிலும் வார்ப்பட்டைகளைக் கட்டினோம். ஸ்டூல்மேல் ஏறினார். தட்டுகளைத் தலைக்கு மேலே கண்ணாடியில் வைத்து, அக்கா சொன்னபடி லேசாகக் கீழே இழுத்தார். பிடித்துக்கொண்டது.

"ஸ்டூலை எடு," என்றார் என்னிடம்.

எடுத்தேன்.

தொங்கினார். ஷூவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கைகள் இரண்டும் மேலே, வயிறு கண்ணாடியில் அமுங்கி, கோட்டின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, யாரோ காயப்போட்டு மறந்த துணிமாதிரி இருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடிய புகைப்படக்காரர் முன்பக்கத்தையும் எடுத்தார். அப்படத்தைப் பிறகு பார்த்தேன். ஜன்னலில் அப்பிய பல்லியின் வயிறு எப்படி இருக்கும் என்று பாடம் நடத்த உதவும்.

கைதட்டல் ஓய்ந்தது. பசை இன்னும் தொங்கினார்.

"அருமை," என்றார் மேடம். "சரி, இறங்குங்க."

பசை கையைப் பின்னால் இழுக்கப் பார்த்தார். தொங்குகிற ஆள் எப்படி இழுத்தாலும் கீழேதான் இழுப்பார். பிடி ஏறியது. காலை உதறினார். அதுவும் ஏறியது. அவருடைய கனம்தான் அவரைப் பிடித்திருந்தது. பல வருடங்களாக உடம்பிலும் தலையிலும் சேர்த்துவைத்த கனம், ஒரு கிராம்கூட வீண்போகாமல் வேலை செய்தது.

ஸ்டூல் என் கையில்தான் இருந்தது. கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தால் விஷயம் முடிந்தது. ஆனால் யாரும் வைக்கச் சொல்லவில்லை. சொல்லாத வேலையைச் செய்யாதே என்பது பசை எனக்கு நடத்திய ஒரே பாடம். அதை அவர் கண்ணெதிரேயே மீறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்ல மேடம். பிடி நல்லா இருக்கு," என்றார் பசை கண்ணாடியிடம்.

மேடம் பேனரைப் படித்தார். பிறகு தொங்குபவரைப் படித்தார். "இதுதான் உடும்புப் பிடியா?"

"பல்லி மேடம்," என்றார் அக்கா.

"பல்லி இப்படியா தொங்கிட்டே இருக்கும்? எங்க வீட்டுல ஓடுதே."

அக்கா பதில் சொல்ல ஒரு நொடி எடுத்துக்கொண்டார். அந்த நொடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, பல்லி எந்த விரலை முதலில் தூக்குகிறது என்று காத்திருக்கும் முகம்.

"ஓடும் மேடம். விடத் தெரிஞ்சதால ஓடுது. எப்படி விடுதுங்கிறது மூணாவது அத்தியாயம்."

"எதுல?"

"என் தீசிஸ்ல."

"அது எங்க?"

"சார் மேசை மேல."

"அவர் படிச்சாரா?"

அறையில் எல்லோரும் பசையைப் பார்த்தார்கள். பசைக்கு யாரையும் பார்க்கும் வசதி இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகைப்படக்காரர் மட்டும் இருந்தார், கேமராவோடு.

"படிச்சிட்டே இருக்கேன் மேடம்," என்றார். மூச்சு கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது.

"படிச்சிருந்தா இறங்கியிருப்பீங்களே."

எங்கள் கல்லூரியில் இதுவரை நடந்த எல்லாக் கருத்தரங்குகளிலும் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. கேட்டவர் அறிவியல் தெரியாதவர் என்பதால்தான் கேட்க முடிந்தது. பிஸ்கட் வைத்திருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன.

படிக்கவில்லை என்று சொன்னால் இறங்கத் தெரியாதது நியாயமாகிவிடும். ஆனால் இத்தனை காலம் ஒரு பெண்ணை உட்காரவைத்தது அநியாயமாகிவிடும். படித்தேன் என்று சொன்னால் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். பசை கணக்குப் போட்டார். மணிக்கட்டு வலியும் அவருக்காகக் கொஞ்சம் கணக்குப் போட்டது.

"படிச்சு முடிச்சிட்டேன் மேடம். ரொம்ப நல்லா வந்திருக்கு. இன்னைக்குக் கையெழுத்துப் போடறதா இருந்தேன். அதுக்குள்ள இது..."

"அப்ப போட்டுடுங்க."

"கை மேடம்..."

"அந்தக் கையைத்தான் சொல்றேன்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். "டேய், ஸ்டூல்."

சொல்லிவிட்டார் அல்லவா, கொண்டுபோய் வைத்தேன்.

பசையின் கால் ஸ்டூலைத் தேடிக் கண்டுபிடித்தது. கால் ஊன்றியதும் பாரம் போனது. ஆனாலும் அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். பாரம் போனது கைக்கு இன்னும் தெரியவில்லை.

"இழுக்காதீங்க சார்," என்றார் அக்கா. "கையை மேல தள்ளுங்க. இன்னும் மேல. இப்ப விரல் நுனிப் பக்கமா தட்டைத் தூக்குங்க. நடுவுல இல்ல, நுனியில."

தட்டு சத்தம்கூடப் போடாமல் கழன்று வந்தது. இவ்வளவுதானா என்பதுபோல் பசை தன் கையையே பார்த்தார். அடுத்த கையை அவரே கழற்றினார். மூன்றாவது அத்தியாயத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே பக்கம்.

நான் ஆய்வேட்டை எடுத்துவந்தேன். சொல்லாமலே செய்த வேலை. ஒரு நாளைக்கு ஒன்று மன்னிக்கலாம். மேலிருந்த கோப்பையை எடுத்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. மேடம் அட்டையில் இருந்த வட்டங்களைப் பார்த்தார், தன் பேனாவை எடுத்து நீட்டினார். பசை கையெழுத்துப் போட்டார். தொங்கிய கை மரத்துப்போயிருந்ததால் அது வழக்கமான கையெழுத்துப்போல் இல்லை. ஆனாலும் மேடம் முன்னால் போட்டதால் செல்லும். புகைப்படக்காரர் அதையும் எடுத்தார்.

நீட்டிப்பும் கிடைத்தது. நான் ஒன்றும் நியாயக் கதை சொல்லவில்லை. தொங்கும் படம் ஆண்டு மலரின் அட்டைக்கு நன்றாகப் பொருந்தியதாம்.

மாதக் கடைசிக்கு முன்னாலேயே அக்கா கிளம்பினார். ஒரு பையும் ஒரு அட்டைப்பெட்டியும். இத்தனை வருடத்துக்கு அவ்வளவுதான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்து பல்லிகளை ஜன்னல் வழியே விட்டார். சட்டத்துக்கு மேலே இருந்த செத்த பல்லியின் விரல் நுனிகளைத் தூக்கிக் கழற்றி, ஒரு காகிதத்தில் வைத்து மடித்தார்.

"அவர் கடவுச்சொல்?" என்று கேட்டேன்.

"கேட்டா சொல்லியிருப்பேன். கேட்கல."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா அக்கா?"

"இருக்கும். பஸ்ல உட்கார்ந்தப்புறம் யோசிச்சுக்கிறேன்," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். வாசலில் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் யாராவது ஒரு கட்டுரை கொடுத்துவிடுவார்கள் என்று பயந்திருக்கலாம்.

அடுத்த வாரம் நடைபாதையில் பசை என்னை நிறுத்தினார். தோளில் கை வைத்தார். கனமான கை. வைத்துவிட்டு லேசாகக் கீழே அழுத்தினார்.

"தம்பி, நீ நல்லா எழுதுவியாமே. மேல படிக்கிற ஐடியா இருக்கா? நான் இருக்கேன் உனக்கு. என்ன சொல்ற?"

பின்னால் நகர நினைத்தேன். நகரவில்லை, நகர்வதும் இழுப்பதுதான். மாட்டேன் என்ற சொல் வாய்வரை வந்தது. அதையும் அடக்கிக்கொண்டேன்.

"சார், கோட்டுக் காலர்ல என்னமோ வெள்ளையா ஒட்டியிருக்கு. பல்லி எச்சம் மாதிரி."

முதலில் ஆள்காட்டி விரல் எழுந்தது. பிறகு மற்ற விரல்கள். கை தோளைவிட்டுக் காலருக்குப் போனது.

நான் நடந்துவிட்டேன். காலரில் ஒன்றும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு வெகுநேரம் ஆகியிருக்கும். கண்டுபிடித்துக் கொடுக்கத்தான் இப்போது ஆள் இல்லையே.